கரைசல் சிவந்தால்

எலியின் மூளையில் பார்க்கின்சன் நோய்போன்ற சேதத்தை உண்டாக்கச் செலுத்தும் 6-ஹைட்ராக்சிடோபமின் கரைசல் தண்ணீர்போல் நிறமற்று இருக்கும்வரைதான் நஞ்சு. இளஞ்சிவப்புத் தட்டிவிட்டால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். மூளையில் செய்தி கடத்தும் டோபமினின் சாயலில் இருப்பதால் டோபமின் நரம்பணுக்கள் இதைத் தாமே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போய் ஆக்சிஜனேற்றமடைந்து அணுவைக் கொல்லும். அந்த வினை குழாயிலேயே நடந்துவிட்டால் எலியின் மூளைக்குப் போவது ஏறக்குறைய சாயத்தண்ணீர்தான். அதனால்தான் சலைனில் 0.02% அஸ்கார்பிக் அமிலம், சுற்றிலும் ஐஸ், குழாய்மேல் அலுமினியத் தாள். காலையில் கரைத்ததை மாலை வரை இழுத்தால் கடைசி எலிகளில் சேதம் குறைந்திருக்கும். கணக்கு போடும்போது அது 'எலிக்கு எலி வேறுபடும்' என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும்.

வேடிக்கை, 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் தேடியதும் ஓர் இளஞ்சிவப்பைத்தான். இறந்தவர்களின் ஸ்டிரையேட்டம் என்ற, டோபமின் மிகுந்த மூளைப் பகுதியின் சாற்றில் அயோடின் வினை செய்து பார்த்தார்கள்; டோபமின் இருந்தால் சிவக்கும். மற்றவர்களுடையது சிவந்தது, பார்க்கின்சன் நோயாளிகளுடையதில் நிறம் ஏறக்குறைய இல்லை.

எடை போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புட்டியில் இருப்பது ஹைட்ரோபுரோமைடா, ஹைட்ரோகுளோரைடா? தனிச்சேர்மத்தின் மூலக்கூறு எடை 169. ஹைட்ரோபுரோமைடு உப்புக்கு 250. 8 மைக்ரோகிராம் நஞ்சு வேண்டுமென்றால் அந்த உப்பில் ஏறத்தாழ 11.8 எடுக்க வேண்டும். உப்பையே 8 எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது என்பதால் இதை மூளைக்குள்ளேயே, டோபமின் நரம்பிழைகள் செல்லும் மீடியல் ஃபோர்பிரெயின் நரம்புக்கற்றையில் செலுத்துகிறோம். ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் போனால் எலி தின்னாது, குடிக்காது. நாரட்ரினலின் அணுக்களும் நஞ்சை இழுக்கும் என்பதால் அரை மணி முன்பே அதைத் தடுக்கும் டெசிப்ரமின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 25 மி.கி. நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டருக்கு மேல் போக வேண்டாம்; முடிந்ததும் ஊசியை 5 நிமிடம் அப்படியே விடவேண்டும். அவசரமாக இழுத்தால் கரைசல் ஊசித்தடத்திலேயே மேலேறிவிடும். ஊசிமுனையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தால் சிரிஞ்ச் காலியானதுபோல் தெரிந்து ஏமாற்றலாம். இறக்கும் முன்பும் எடுத்த பின்பும் ஒரு துளி தள்ளிப் பாருங்கள். எலியின் தலையை அசையாமல் பிடிக்கும் கருவியின் பல் கம்பி சரியான உயரத்தில் இல்லையென்றால் தலை சாயும். ஏறத்தாழ 8 மி.மீ. ஆழத்தில் அந்தச் சாய்வு இலக்கையே தவறவிடும்.

சேதம் எவ்வளவு என்று பார்க்கும் சுழற்சிச் சோதனையில், டோபமினை வெளிவிடச் செய்யும் ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் எலி சேதமான பக்கமாகச் சுற்றும். டோபமின் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் அபோமார்ஃபின் கொடுத்தால் எதிர்ப்பக்கம், ஏனெனில் சேதமான பக்கத்தில் டோபமினுக்கு ஏங்கிக் கிடக்கும் ஏற்பிகள் கூருணர்வு பெற்றிருக்கும். அரைகுறைச் சேதத்திலும் ஆம்ஃபெட்டமின் சுழற்றிவிடும்; அதை மட்டும் நம்புவது ஆபத்து. அபோமார்ஃபினுக்கு நன்றாகச் சுற்றினால் டோபமினில் 90 விழுக்காட்டுக்கு மேல் போயிருக்கும். அபோமார்ஃபின் கரைசலும் பச்சையாகிவிட்டால் குப்பைக்குத்தான்.

நரம்பணுவைக் காக்கும் மருந்தென்று ஒன்றைச் சோதிக்கும்போது, நஞ்சுக்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டு அணுக்கள் பிழைத்ததைக் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. டோபமினை அணுவுக்குள் இழுக்கும் கடத்தியை அந்த மருந்து அடைத்திருந்தால் நஞ்சு உள்ளேயே போயிருக்காது. காப்பாற்றியதாகக் கணக்கில் எழுதுவது தவறு. ஸ்டிரையேட்டத்தில் ஊசி போட்டால் அணுக்கள் வாரக்கணக்கில் மெதுவாகச் சாகும். நஞ்சு போய்ச் சேர்ந்த பிறகு மருந்தைத் தொடங்க அங்கே அவகாசம் இருக்கிறது.