நாடா சிக்கிய புல்லாங்குழல்
இளையராஜாவின் திரைக்கு வெளியிலான இசை என்றாலே எல்லாரும் 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'டைத்தான் சொல்வார்கள். சரி, அருமையான தொகுப்புதான். ஆனால் எனக்கு 1988-இன் 'நத்திங் பட் விண்ட்' ஒரு படி மேல். புல்லாங்குழல், ஹரிபிரசாத் சௌராசியா.

முதலில் கேட்டது மாமாவின் கேசட்டில். நாடா சிக்கி, பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றி, ஓரிடத்தில் குழல் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் அமுங்கிக் கேட்கும். பல வருஷம் அதையும் ராஜாவின் வேலை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்! அப்புறம் குறுந்தட்டில் அந்த அமுங்கல் இல்லாதபோது கொஞ்சம் ஏமாற்றம்கூட.

இந்தத் தொகுப்பில் ஓர் இசைத்துண்டுக்கு 'மொசார்ட் ஐ லவ் யூ' என்ற தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இதிலேயே உள்ள 'கம்போசர்ஸ் பிரெத்'தை மட்டும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சமைத்துக்கொண்டே கேட்டால் ஒன்றும் பிடிபடாது.