பதவி உயர்வுக்காக என் மேற்கோள் கணக்கை ஒழுங்குபடுத்திய கதை

இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க ஆய்வுக்கட்டுரைப் பட்டியல், மொத்த மேற்கோள்கள் (பிறர் தங்கள் ஆய்வுகளில் நம் கட்டுரைகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), அதை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இன்டெக்ஸ் என்ற அளவீடு மூன்றையும் கேட்டிருந்தார்கள். கேட்க அரை நாள் வேலை மாதிரிதான் இருக்கும். பொருளாதாரத்தில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு லேசில் முடியாது. அடுத்து விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களான கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், ரெப்பெக் மூன்றிலும் பார்த்தேன். மூன்றிலும் வேறு வேறு எண்கள். எதுவும் தவறில்லை, எண்ணும் இடம்தான் வேறு. ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஒர்க்கிங் பேப்பர் (ஆய்விதழில் வரும் முன்பே வெளியிடும் வரைவு), முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் வைத்து எண்ணும். ரெப்பெக் 1997-இல் தொடங்கியது. பொருளாதாரத்துக்கென்றே தன்னார்வலர்கள் நடத்துவது. அதனால் விண்ணப்பத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று போட்டேன். வெறும் எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

அப்புறம் வந்ததுதான் பெரிய வேலை. நம் துறையில் ஒரு கட்டுரை ஒர்க்கிங் பேப்பராக வெளிவந்து, ஆய்விதழில் அச்சாகச் சில வருடங்கள்கூட ஆகும். அதற்குள் பலர் பழைய வடிவத்தையே மேற்கோள் காட்டிவிடுவார்கள். என் கட்டுரை ஒன்றுக்கு ஆய்விதழின் மதிப்பீட்டாளர் சொன்னபடி தலைப்பே மாறியிருந்தது. பழைய தலைப்புக்கு வந்த மேற்கோள்கள் என் பெயரில் சேராமல் தனியே கிடந்தன. ஸ்காலரில் இரண்டையும் தேர்வு செய்து இணைத்துவிடலாம். ரெப்பெக்கில் நாமே பதிவு செய்து, இது என் கட்டுரை என்று ஒவ்வொன்றாக ஏற்க வேண்டும். தலைப்பு வேறாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தனியாகத் தெரிவிக்கவும் வேண்டும்.

இதைச் செய்தால் ஹெச்-இன்டெக்ஸ் மாறுமா? மாறலாம். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவீடு இது. குறைந்தது தலா நான்கு மேற்கோள்கள் பெற்ற நான்கு கட்டுரைகள் இருந்தால் ஹெச் 4, தலா ஐந்து பெற்ற ஐந்து இருந்தால் ஹெச் 5. ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 7, 5, 1 என்று மேற்கோள்கள் இருந்தால் ஹெச் 4. கடைசிக் கட்டுரையின் கணக்கில் வராத பழைய வடிவத்துக்கு 6 மேற்கோள்கள் இருந்து, இரண்டையும் இணைத்தால் அது 7 ஆகும். ஹெச் 5 ஆகிவிடும். ஆனால் முதல் கட்டுரை 40-இலிருந்து 400-க்குப் போனாலும் ஹெச் அசையாது. ஒரே ஒரு நல்ல கட்டுரைக்காகப் பல வருடம் உழைத்தவருக்கு இந்த அளவீடு நியாயம் செய்யாது என்பது என் உறுதியான கருத்து.

தேர்வுக் குழுவில் பிற துறையினரும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு முதல் பெயர்தான் முக்கிய ஆசிரியர். பொருளாதாரத்தில் பெரும்பாலும் அகரவரிசைப்படிதான் பெயர் போடுவோம். பட்டியலின் தலைப்பிலேயே இதை ஒரு வரியில் சொல்லி, கூட்டுக் கட்டுரைகளில் தரவு யாருடையது, பொருளாதார மாதிரியைக் கட்டியது யார் என்றும் குறித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளை எடுத்து வாசித்ததுதான். பல இடங்களில் என் பெயர் அடைப்புக்குறிக்குள் பத்துப் பேரோடு பதினொன்றாக நின்றது. ஓர் ஆய்வில் மட்டும் நான் பயன்படுத்திய மதிப்பீட்டு முறையை முழுதாக எடுத்து, வேறொரு தரவில் ஓட்டி, ஊதிய மீள்தன்மை (ஊதிய மாற்றத்துக்கு எவ்வளவு எதிர்வினை வருகிறது என்ற அளவு) எனக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்று காட்டியிருந்தார்கள். எந்தத் தளமும் இந்த இரண்டு வகையையும் தலா ஒரு மேற்கோளாகத்தான் எண்ணும். எனக்கு அந்த இரண்டாவது மேற்கோள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. முடிவு வேறுபட்டதற்கு அவர்களுடைய தரவில் முறைசாராத் தொழிலாளர்கள் சேர்ந்ததுதான் காரணமாக இருக்கும் என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன்.

நேர்காணலில் ஹெச்-இன்டெக்ஸ் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரமெல்லாம் அந்தப் பத்தியைப் பற்றித்தான் கேட்டார்கள். பதவி உயர்வு கிடைத்தது. முறைசாராத் தொழிலாளர்களைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த கட்டுரையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.