போக்கரில் ஏஸ் ஜோடியை எப்போது ஃபோல்டு பண்ணுவது (பணம் போடாமல் கையை விட்டுவிடுவது): 2/5 சென்ட் மேசைக் குறிப்புகள்

12.01.2026
இந்தியாவில் காசு வைத்து ஆன்லைனில் ஆட 2025 சட்டத்தில் தடை. இது வெளிநாட்டு மேசைக் கணக்கு. இருவரிடமும் 5 டாலர். ஏஸ் ஜோடிக்கு 15 சென்ட் ரெய்ஸ், பிக் பிளைண்ட் (5 சென்ட் கட்டாயப் பந்தயம் வைத்தவர்) மட்டும் கால், அதாவது அதே தொகை போடுகிறார். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 32 சென்ட். ஃப்ளாப் (மேசையில் விழும் முதல் மூன்று சீட்டு) ஜாக்கி, 8, 4, மூன்றும் வெவ்வேறு ஜாதி. 20 வைத்தால் கால். டர்னில் (நான்காவது சீட்டில்) 3. 50 வைத்ததும் எதிராளி 1.50 டாலருக்கு ஏற்றுகிறார்.

1 டாலர் போட்டால் பாட் 3.72, ஆக 27% ஜெயித்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கும். மிச்சமிருக்கும் 3.15-ஐயும் ரிவரில் (கடைசி, ஐந்தாவது சீட்டில்) கேட்பார். 4.15 போட்டு 10.02-க்கு ஆடுகிறோம், தேவை 41%. ரேக் (மேசை நடத்துபவர் எடுக்கும் பங்கு) சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அவரிடம் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) இருந்தால் பார்க்காத 44 சீட்டில் நமக்கு உதவுவது 2 ஏஸ், 4.5%. ஜாக்கி-8 என்றால் 8 சீட்டு, 18%. எல்லாவற்றுக்கும் கால் மட்டும் பண்ணிவந்த ஆள் ராஜா-ஜாக்கியை வைத்துக்கொண்டு டர்னில் ஏற்றமாட்டார். ஃபோல்டு.

13.01.2026
அதே டர்ன், ஆனால் எதிராளியிடம் மொத்தமே 1.25 டாலர்தான். ஃப்ளாப்பிலேயே பாட்டைப் போல மூன்றரை மடங்குக்குக் குறைவாகத்தான் அவரிடம் மிச்சம். இங்கே ஃபோல்டு என்ற பேச்சே வேண்டாம், உள்ளே தள்ளிவிடலாம். ஃப்ளாப்பில் இரண்டு ஆட்டின் இருந்து, அடிக்கடி ஏற்றுகிறவர் ஏற்றினாலும் ஃபோல்டு வேண்டாம். ஃப்ளஷுக்குக் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருக்கும் கைகள் நிறைய.

15.01.2026
ராஜா ஜோடியை ஃப்ளாப்புக்கு முன் ஃபோல்டு பண்ணிவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. ஒரே எதிராளியிடம் ஏஸ் ஜோடி விழ வாய்ப்பு 1225-இல் 6, அரை சதவீதத்துக்கும் குறைவு. கையில் 100 பிக் பிளைண்ட் அளவு பணம் இருக்கும்போது அது வீண் வேலை.

16.01.2026
ரிவரில் மேசைமேல் நான்கு ஆட்டின்: ராஜா, 9, 2, 6, கூடவே கிளாவர் 5. நம்மிடம் 9 செட், ஆட்டின் இல்லை. இதுவரை செக்-கால் பண்ணியவர் (தானாக வைக்காமல், நாம் வைத்ததற்குக் கால் மட்டும்) திடீரென்று பாட் அளவு வைக்கிறார். கால் பண்ண 33% வேண்டும். கண்ணை மூடி எடுத்த இரண்டு சீட்டிலேயே ஓர் ஆட்டினாவது இருக்க 36% வாய்ப்பு. இவரோ இரண்டு சுற்று கால் பண்ணி வந்தவர், திடீரென்று பந்தயம் கட்டுகிறார். ஃபோல்டு. பாட்டில் கால்வாசி மட்டும் வைத்தால் 17% போதும். இரண்டு ஜோடிக்காரர்களும் அப்படி வைப்பதுண்டு, அப்போது கால்.

எதிராளியைப் பற்றிய எண்களில் எத்தனை கைக்கு உள்ளே வருகிறார் என்பது 50, 60 கையிலேயே ஓரளவு தெரியும். ரிவரில் எவ்வளவு ஏற்றுகிறார் என்பதை அவ்வளவு கையில் நம்பக்கூடாது. அந்த இடமே அபூர்வமாகத்தான் வரும்.