வாயில் கட்டி என்று வருபவர்கள்

பல் மருத்துவமனை ஓ.பி.க்கு "வாய்ல ஏதோ கட்டி மாதிரி இருக்கு டாக்டர்" என்று வருபவர்களில் சிலருக்குக் கட்டியே இருக்காது. மேலண்ணத்தின் நடுவில் கல்போல் தட்டுப்படுவது இயல்பாக வளரும் எலும்பு மேடு. நாக்கின் பின்பக்கம் வரிசையாகத் தெரியும் மொட்டுகள் எல்லோருக்கும் உள்ளவை. கண்ணாடியும் டார்ச்சும் கிளப்பிவிடும் பயம் இது.

கீழுதட்டின் உட்புறம் நீலம் பாய்ந்த நீர்க்கட்டி, பல் பட்டு உமிழ்நீர்க் குழாய் அறுந்ததால் வருவது. குத்திவிட்டால் வற்றும், மறுபடி நிரம்பும். அடியில் உள்ள சிறு சுரப்பியோடு எடுக்க வேண்டும். கன்னத்தில் கடிபடும் இடத்து நார்க்கட்டியும் அப்படியே, கூர்ப்பல்லை ராவாமல் விட்டால் திரும்பும். கர்ப்பிணிகளின் ஈறில் தொட்டாலே ரத்தம் கசியும் சிவந்த கட்டிக்கு ஹார்மோனும் பல் காரையும் சேர்ந்தே காரணம். காரையை எடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

தாடை எலும்புக்குள் வளரும் அமிலோபிளாஸ்டோமா வேறு ரகம். புற்று அல்ல, பெரும்பாலும் வலியும் இருக்காது. ஆனால் வெறுமனே சுரண்டி எடுத்தால் பல வருடம் கழித்தும் முளைக்கும்.

வாய்ப்புற்றில் 90 சதவீதத்துக்கு மேல் மேல்தோல் செல்களில் தொடங்குவது. நம் ஊரில் வெற்றிலை, புகையிலையை அடக்கும் கொடுப்பிலேயே அது அதிகம். "போயிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்பார்கள். வெறும் பாக்கே புற்றுக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாயை இறுக்கிவிடும் என்பதால், தன் விரல் மூன்றை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாதவரிடம் பாக்குப் பழக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது.

கண்ணைவிட இங்கே விரலை நம்பலாம். கடித்த புண் எரியும், அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. இரு விரலால் பிடித்தால் ஓரம் தடித்து, அடி கெட்டிப்பட்டிருக்கும். உரசும் பல்லை ராவி, பல் செட்டைக் கழற்றச் சொல்லி 2 வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் கூடாது. "உடம்பு சூடு" என்று பி காம்ப்ளெக்ஸும் மரப்பு ஜெல்லுமாக மாதக்கணக்கில் ஓட்டுவதில்தான் நோய் முற்றுகிறது. கத்தி பட்டால் பரவும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சோதனைக்காகச் சிறு துண்டு வெட்டி எடுக்கும் பயாப்ஸியால் அப்படிப் பரவுவதில்லை.

அந்தத் துண்டையும் புண்ணின் நடுவில் வெட்டக் கூடாது, அங்கே செத்த திசுதான் கிடைக்கும். நல்ல தோலும் சேரும்படி ஓரத்தில் எடுத்து, துண்டைப்போல் குறைந்தது 10 மடங்கு திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட வேண்டும். சலைன் என்னும் உப்பு நீரில் போட்டு அனுப்பினால் செல்கள் சிதைந்து, மறுபடி வெட்ட நேரும்.