பெட்டி திறந்து கிடக்கிறது

ஒக்டோபர் 14, திங்கள்

அப்பாவின் கணினியில் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. மறுபடி சுற்றி, மறுபடி நிற்கிறது. திரை கறுப்பு. பீப் சத்தமும் இல்லை. நேற்று இரவு இடி முழங்கியபோது பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். அதனால் மின்னல் இல்லை, வேறு ஏதோ.

ஆஸ்பத்திரியில் இருக்கிற அப்பாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பக்கத் தகட்டைக் கழற்றவே அரை மணி நேரம் போனது. கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற வீடு இது, ஸ்குறூக்களை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது. உள்ளே தூசு, இரண்டு பல்லிமுட்டை ஓடு.

புறோசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன உருளைகளான கப்பாசிற்றர்களில் நான்கு ஊதியிருக்கின்றன. ஒன்றின் தலை சிலுவைக்கோட்டில் பிளந்து, கசிந்தது மண்ணிறப் பொருக்காய்க் காய்ந்துபோயிருக்கிறது. நல்ல கப்பாசிற்றர் என்றால் தலை தட்டையாக இருக்க வேண்டும்.

உடனே, அவை பதிந்திருக்கிற மதர்போட்டைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பவர் சப்ளையின் 24 பின் செருகியை வெளியே எடுத்து, சுமைக்கு ஒரு பழைய சீடி டிரைவைக் கொழுவி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தேன். ஓடியது. மல்ரிமீற்றரில் மஞ்சள் வயர் 12.1 வோல்ற், சிவப்பு வயர் 5.08. பவர் சப்ளை நல்லாயிருக்கிறது.

போட்தான் போய்விட்டது.

ஒக்டோபர் 16, புதன்

அப்பாவின் பரிசோதனை முடிவு நாளைக்காம். நேற்றும் நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

ஒக்டோபர் 17, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. மச்சானுக்கு லீவு. அவருடைய மடிக்கணினியையும் யூஎஸ்பி வயரையும் கொண்டுவந்தார். எதற்கும் முன்னால் ஹாட் டிஸ்க்கைத் தனியே கழற்றிப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. சரிதான். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஏறிவிட்டது. “பிறகென்ன, டிஸ்க் உயிரோடதானே இருக்கு, இந்தப் பெட்டிய விடு” என்றார். நான் விசாரித்த கணினிக் கடைக்காரரும் அதைத்தான் சொன்னார்.

ஒரு கோப்பைத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அப்பா தட்டியதெல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ‘அம்மா’ என்ற சொல்கூட எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். பாமினியைப் போட்டதும் எழுத்து எழும்பி வந்தது. வடமோடிக் கூத்தின் வரவுத் தருக்கள் என்கிற பாட்டுகள், விருத்தங்கள், எந்த இடத்தில் மத்தளம் எப்படி விழ வேண்டும் என்று சதுர அடைப்புக்குள் குறிப்புகள். பெரியப்பாவின் கொப்பிகளைப் பார்த்து 11 வருடமாக ஒரு விரலால் தட்டியது.

ஆக, பிரதி இருக்கிறது. எழுத்தும் தெரிகிறது. பிறகு ஏன் இந்தப் பெட்டி?

மச்சான் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் விரலுக்கு அந்த விசைப்பலகையில்தான் இடம் தெரியும். திரையில் எந்த மூலையில் எந்தக் கோப்புறை இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் அவருக்குத் தெரியும். புதிதாக ஒன்றை வாங்கி வைத்தால் அதன் முன்னால் விருந்தாளி மாதிரி இருப்பார். அவர் திரும்பி வரும்போது மேசை அவர் விட்டுப் போன மாதிரி இருக்க வேண்டும்.

ஒக்டோபர் 19, சனி

காத்தான்குடியில் ஒரு கடையில் ஜி41 வகை மதர்போட் தந்தார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் றம்மை, அதாவது நினைவகத் தட்டை, வைத்துப் பார்த்தால் வெட்டுப் பொருந்தவில்லை. அது டிடிஆர்3, எங்களுடையது டிடிஆர்2. இரண்டுக்கும் 240 தொடுமுனைதான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தியிருந்தால் உடைந்திருக்கும். திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் பஸ் ஏறிக் கல்முனை. பழைய ஜி31 போட் ஒன்று, 7,000 ரூபா. புறோசசர் கோர் 2 டுவோ ஈ7500, அதற்கு 775 சொக்கெற் வேண்டும். அந்த வகையில் பின்கள் புறோசசரில் இல்லை, போட்டிலேயே நிற்கும். போன் வெளிச்சத்தில் 775 பின்னையும் சரித்துச் சரித்துப் பார்த்தேன். ஒன்று வளைந்திருந்தாலும் ஒளிக்கீற்று அந்த இடத்தில் முறியும். முறியவில்லை. கடைக்காரப் பொடியன் கதிரை எடுத்துப் போட்டு “இருந்து பாருங்க அண்ணே” என்றான்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் படம் எடுத்தேன், 23 படம். முன்பக்கச் சுவிட்சுக்கான ஒன்பது சின்னப் பின்கள்தான் பயம். கொப்பியில் கீறியும் வைத்தேன்.

புறோசசரின் சூட்டை இறக்கிற ஹீற்சிங்கின் நான்கு கால்களில் மூன்று திரும்பின. நாலாவது இறுகிவிட்டது. பின்பக்கமிருந்து வெள்ளை நாக்கை மெல்ல நெருக்கித்தான் விடுவித்தேன். சூட்டைக் கடத்த அடியில் பூசியிருந்த பேஸ்ட், அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு போலக் காய்ந்து வெடித்திருந்தது. ஸ்பிரிற்றில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்கப் புறோசசரின் எழுத்துகள் தெரிந்தன.

ஒக்டோபர் 21, திங்கள்

அப்பா இன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். “என்ன மனே, பெட்டி ஓடுதா?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

பொய் சொன்னது நெஞ்சை அறுக்கிறது. இரவு பதினொன்றரை வரை இருந்தேன்.

புதுப் போட்டின் ஓட்டைக்கு நேரே வராத ஒரு பித்தளைக் காலைக் கழற்றினேன். அதை விட்டிருந்தால் போட்டின் அடியில் முட்டி ஷோட் ஆகும். பேஸ்ட் ஒரு பயற்றங்கொட்டை அளவு. ஹீற்சிங்கின் கால்களை மூலைக்கு மூலையாக அழுத்தி, பின்னால் திருப்பி நான்கு நாக்கும் வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

பவர் கொடுத்தேன். விசிறி நிற்காமல் ஓடியது. திரை கறுப்பு.

கறுப்பு.

ஒக்டோபர் 23, புதன்

ஒன்றும் எழுத மனமில்லை.

ஒக்டோபர் 24, வியாழன்

நாலு பின் செருகி! புறோசசருக்குத் தனியாக 12 வோல்ற் கொடுக்கிற அந்தச் சின்னச் சதுரச் செருகி, பவர் சப்ளைக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. விடிய ஐந்து மணிக்குப் படுக்கையில் ஞாபகம் வந்தது. எழும்பி ஓடிப் போய்ச் செருகினேன். ஒரு பீப். அம்மா அடுப்படியிலிருந்து “என்னடா சத்தம்?” என்று ஓடி வந்தார்.

கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் திகதி 2009 ஜனவரி. திகதியைக் காக்கிற 2032 வகைச் சின்னப் பற்றறி செத்திருக்கிறது. புதியது வாங்கிப் போட்டு, திகதியைத் திருத்தினேன். விண்டோஸ் 7 சிறிது நேரம் தடுமாறியது, டிரைவர்களைத் தேடியது, மறுபடி அக்டிவேற் பண்ணக் கேட்டது. 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதனால் இணைய வயரைக் கொழுவவில்லை. அப்பாவுக்கு இணையம் தேவையுமில்லை.

கோப்புறைகள் எல்லாம் அந்தந்த மூலையில் இருக்கின்றன.

ஒக்டோபர் 26, சனி

திரையைப் படம் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கனநேரம் பார்த்தார். “அந்த மேல் மூலைக் கோப்புல ஒரு அடி பிழை மனே. நான் சொல்றன், எழுது” என்றார். என்னிடம் பேனை இல்லை. நேர்ஸ் நங்கையிடம் வாங்கி, மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு வரி சொல்லிவிட்டு இருமினார்.

மிச்சத்தை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கொப்பி கொண்டுபோக வேண்டும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

விடியவே போன் வந்தது. அம்மாவும் நானும் போகிறோம். பெட்டியின் பக்கத் தகடு இன்னும் பூட்டவில்லை.