ஒரு திர்ஹாம் உல்லாசம்

துபாய் என்றால் ஊரில் எல்லோரும் புர்ஜ் கலீஃபாவைத்தான் கேட்கிறார்கள். எனக்கு சனிக்கிழமை என்றால் பழைய துபாய்தான். பர் துபாயில் அப்ரா படகில் ஏறினால் ஒரே திர்ஹாமில் கிரீக் என்ற கடற்கழியைக் கடந்து எதிர்க்கரையில் தேரா போய்விடலாம். மரப்படகு, டீசல் வாடை, தலைக்கு மேல் கடற்பறவைகள். இறங்கினால் மசாலா சூக், அதாவது மசாலாச் சந்தை. குங்குமப்பூ, உலர்ந்த எலுமிச்சை என்று மூக்கே திணறும். வாங்குவதில்லை, விலை கேட்பதோடு சரி! அப்புறம் ஒரு கரக் சாய் என்கிற கடுப்பமான பால் டீ, ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக.

2022இல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதில் ஒரு நன்மை: ஊரில் அண்ணனும் வீட்டில் இருக்கும் நாளில் பேச முடிகிறது. பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் எங்கள் பெட்ஸ்பேஸில் துணி துவைக்கத்தான் அன்றைக்குப் பெரிய வரிசை.

வெயில் ஏறினால் இந்தச் சுற்றலெல்லாம் நடக்காது, மால்தான் கதி. அதற்குள் யார் வருகிறீர்கள்? சாய் என் செலவு.