பட்டியலில் வராத கடைகள்

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானபோது, எங்கள் பராமரிப்பில் இருந்த வணிகர் தகவல் தளத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் கடைகள் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி கடைகள் திருப்பத்தூருக்கு. வேலை முடிந்த கொஞ்ச நாளில் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, எங்க கடைப் பேரை எடுத்துட்டீங்களா? சந்தா கட்டியிருக்கேனே!" வயதானவர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

யாரும் எடுக்கவில்லை. தளம் மோட்எக்ஸ் என்ற இணையதள நிர்வாக மென்பொருளில் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ரிசோர்ஸ். நிர்வாகத் திரையின் இடப்பக்கத்தில் எல்லாப் பக்கங்களையும் கிளைகிளையாகக் காட்டும் மரத்தில் அவர் கடை இருந்தது. நேராக முகவரியைத் தட்டினால் பக்கமும் திறந்தது. ராணிப்பேட்டைப் பட்டியலில் மட்டும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் சொன்னது, "கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்க." வேகத்துக்காகச் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்தான் கேஷ். அழித்துப் பார்த்தோம், மாறவில்லை.

பட்டியலில் தெரிந்த கடைகளை எண்ணியபோதுதான் பொறி தட்டியது. சரியாக ஐந்து. பட்டியல் போடும் கெட்ரிசோர்சஸ் ஸ்னிப்பெட்டுக்கு (சிறு நிரல்) லிமிட், அதாவது எத்தனை காட்ட வேண்டும் என்ற எண், கொடுக்காவிட்டால் அது ஐந்தோடு நிறுத்திவிடும். வரிசையும் சொல்லாவிட்டால் கடைசியாகப் பதிப்பித்தது முதலில் வரும். ஆக, புதுக் கடை ஒன்று சேர்ந்தால் பழைய கடை ஒன்று சத்தமில்லாமல் வெளியே போகும். இவருடையதோ முதலில் சேர்ந்த கடைகளில் ஒன்று.

லிமிட்டைப் பூஜ்யமாக்கினேன்; அப்படியென்றால் வரம்பே இல்லை. நிறைய கடைகள் வந்தன, பேடா கடை அப்போதும் வரவில்லை. மரத்தில் திரும்பப் பார்த்தால் அந்தப் பெயர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தது. திறந்து பார்த்தேன்: 'மெனுவில் மறை' என்ற கட்டத்தில் டிக். கடைப் பெயர்களெல்லாம் மேல் மெனுவில் வந்து நிற்கக்கூடாது என்று பதிவு செய்தவர் போட்டிருக்கிறார், அது நியாயம்தான். ஆனால் கெட்ரிசோர்சஸ் அந்த டிக்கைப் பார்த்தாலே பட்டியலிலிருந்தும் விட்டுவிடும். மறைத்தவற்றையும் காட்டச் சொல்லும் ஷோஹிடன் என்பதற்கு 1 கொடுத்தால்தான் காட்டும். மெனுவுக்கு வேண்டாம் என்றால் பட்டியலுக்கும் வேண்டாம் என்று ஒரு கருவி தானாக முடிவெடுப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

திருப்பத்தூர்ப் பக்கத்தில் சிக்கல் வேறு. ஸ்னிப்பெட்டைக் கூப்பிடும் வரியான பழைய அழைப்பை அப்படியே நகலெடுத்ததால், எந்தப் பக்கத்தின் கீழுள்ளவற்றைப் பட்டியலிட வேண்டும் என்று சொல்லும் பேரன்ட்ஸ் இடத்தில் வேலூரின் எண்ணே இருந்தது. எண்ணை மாற்றியதும் வாணியம்பாடி கடைகள் வந்துவிட்டன.

இவ்வளவுக்கும் எங்கேயும் ஒரு பிழைச் செய்தி இல்லை, பிழைகளைக் குறித்துவைக்கும் லாகிலும் எதுவும் இல்லை. ஸ்னிப்பெட் தன் விதிப்படி சரியாகத்தான் ஓடியது. தளத்தைப் பார்க்க வருகிறவருக்கு ஒரு கடை விடுபட்டிருப்பது தெரியவே தெரியாது; கடைக்காரர் தானே தேடிப் பார்த்தால்தான் உண்டு. சந்தா கட்டியவர் போன் செய்து கேட்கும்வரை நாம் காத்திருப்பது முறையல்ல.

அதனால் இப்போது லிமிட், வரிசை, பேரன்ட்ஸ், ஷோஹிடன் நான்கையும் ஒவ்வோர் அழைப்பிலும் வெளிப்படையாக எழுதிவிடுகிறோம். லாகின் செய்த ஊழியருக்கு மட்டும் தெரியும் ஒரு பக்கமும் வைத்திருக்கிறோம்: மறைத்தவை, பதிப்பிக்காதவை உட்பட ஊர்வாரியாக எல்லாக் கடைகளும் அதில் வரும். மாதம் பிறந்ததும் அதைப் பொதுப் பட்டியலோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.